முதல் பந்தி

கயிற்றில் தொங்குகிறான். தாடி முழுக்க நரைத்தவன், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, பேங்குக் கூரையை அறுத்துத் தலைகீழாக இறங்குகிறான், தியேட்டர் முழுக்க விசில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வாசல் என்று ஒன்று எதற்கப்பா இருக்கிறது? நான் ஒருநாளும் கூரை வழியாகப் போனதில்லை, சுவர் ஏறிக் குதித்ததில்லை. எல்லோரும் போகிற வாசல் வழியாகவே போனேன், பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி, "வாங்க வாங்க" என்று கும்பிட்டு உள்ளே அனுப்பினார்கள். திருச்சியிலும் கரூரிலும் தஞ்சாவூரிலும் நான் நுழையாத கல்யாண மண்டபம் கிடையாது. பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்தார்கள், அந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நான் பிழைத்தேன். இன்றுவரை ஒரு போலீஸ்காரன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சம்பூரணம் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. இந்தத் தாடிக்காரனுக்கோ ஊரெல்லாம் போஸ்டர், போலீஸ் ஸ்டேஷன் சுவரிலேயே படம் மாட்டியிருக்கிறார்கள். சுவரில் படம் மாட்டும் அளவுக்கு மாட்டிக்கொண்டவன் என்ன பெரிய திருடன்?

"எப்புடி எறங்குறான் பாத்தீங்களாக்கா?" என்கிறான் பக்கத்தில் அல்போன்ஸ். அவன் கண் திரையில் இல்லை, என் முகத்தில் இருக்கிறது. நான் உள்ளே போய்விட்டு வரும்வரை மண்டபத்துக்கு எதிரில் காரை மர நிழலில் போட்டுக்கொண்டு காத்திருந்தவன் இவன்தான். அந்தக் கார் போய்விட்டது, லைசென்ஸ் போய்விட்டது, உடம்பில் சர்க்கரை வந்துவிட்டது. மகன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு இவனை உட்கார வைத்திருக்கிறான். தொழிலை விட்டு எத்தனையோ வருஷம் கழித்துப் போன வாரம் காந்தி மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, கத்தரிக்காய்க் கூடைக்குப் பக்கத்திலேயே நின்று கண் கலங்கினான். இன்றைக்குப் படத்துக்கு வாங்கக்கா என்று கூட்டிக்கொண்டு வந்து, விளக்கு அணைவதற்கு முன்னாலேயே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டான். நாளை மறுநாள், கரூர் ரோட்டில் புதிதாகக் கட்டிய மண்டபம், நெல் மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். பெண்ணுக்குக் கெம்புக்கல் வைத்த ஒட்டியாணம். ரிசப்ஷனுக்குப் போட்டுக்கொண்டு முகூர்த்தத்துக்குக் கழற்றி வைப்பார்களாம். "கடைசியா ஒரே ஒரு தடவக்கா. படம் முடியறதுக்குள்ள ரோசிச்சு சொல்லுங்க." சற்று நேரம் கழித்துத் திரையில் தாடிக்காரனின் சிநேகிதன் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு அதே வார்த்தையைச் சொன்னான்: கடைசியாக ஒரே ஒரு தடவை. அல்போன்ஸ் இருமினான். கள்ளப்பயல், இந்தப் படத்தை முன்னாடியே பார்த்துவிட்டுத்தான் என்னை இழுத்துவந்திருக்கிறான். வசனத்தைக்கூடச் சொந்தமாக யோசிக்க முடியவில்லை இவனுக்கு.

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை? ஒட்டியாணம் எனக்கு எதற்கு, இந்த இடுப்பில் பிளாஸ்திரி ஒட்டவே இடம் போதவில்லை. மகள் மேகலா சோறு போடுகிறாள், மாத்திரை வாங்கித் தருகிறாள், ஒரு குறையும் இல்லை. ஆனால் அல்போன்ஸ் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஒங்களாட்டம் யாருக்கு வரும்" என்றான், அதுதான். எத்தனை வருஷமாயிற்று யாராவது அப்படிச் சொல்லி. வீட்டில் என்ன சொல்கிறார்கள்? மாப்பிள்ளை ஸ்ரீதரன் நல்ல மனுஷர், நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஆபீஸ் கிளம்பும்போது எனக்குத் தினமும் ஒரு பாடம். "அத்தை, யாரு பெல் அடிச்சாலும் தொறக்காதீங்க. இப்பல்லாம் பொம்பளைங்களே வர்றாளுக திருட. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஏமாந்துடுவீங்க." நான் தலையை ஆட்டுகிறேன். பொம்பளைகளே வருகிறார்களாம். நேற்று வாசலில் கேமரா மாட்டிவிட்டு, அதை எப்படிப் பார்ப்பது என்று கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். கேமரா பார்க்கிற இடம் எது, பார்க்காத இடம் எது என்று ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது, பூந்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு யானையே நிற்கலாம். சொல்லவில்லை. "அப்புடிங்களா மாப்ள" என்றேன். மலைக்கோட்டைக்குப் போகிறேன், மேலே ஏறமாட்டேன், கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்திருக்கிறேன். மடியில் போன் அதிர்கிறது, மேகலாதான், பேசினால் துப்பாக்கிச் சத்தம் கேட்டுவிடும். பிள்ளையார் கோயிலில் யார் சுடுகிறார்கள் என்று கேட்பாள். அணைத்து வைத்தேன்.

இப்போது சிவப்பு வெளிச்சம் கோடு கோடாக ஓடுகிறது, அதைத் தொடாமல் தாண்டுகிறான் தாடிக்காரன், இந்த வயதில் அவனுக்கு முட்டி வலிக்காதா? எனக்கு உட்கார்ந்தே வலிக்கிறது. நான் எந்தக் கோட்டையும் தாண்டவில்லை. கையில் ஒரு தாம்பாளம் வைத்திருப்பேன், அவ்வளவுதான். சீர்வரிசை மேஜையிலிருந்து ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் எரிச்சலான முகத்தோடு, "எல்லாத்துக்கும் நானே ஓடணும்" என்று முணுமுணுத்துக்கொண்டு நடந்தால் எந்தக் கதவும் திறக்கும். வேலை செய்கிறவளை யாரும் யார் நீ என்று கேட்க மாட்டார்கள், கேட்டால் வேலையைப் பங்கு போடச் சொல்லிவிடுவாளோ என்று பயம். மணமகள் அறையில் நாலைந்து பெண்கள் புடவை மடித்துக்கொண்டிருந்தால், "ஐயர் கூப்புடுறாருடி, தாலி கட்டப் போறாங்க" என்றால் போதும், அட்சதைக்கு ஓடிவிடுவார்கள். பிறகு கெட்டிமேளம். அந்தச் சத்தம் எழுந்தால் மண்டபத்தில் இருக்கிற அத்தனை கண்ணும் மேடையில்தான், காவல்காரன்கூட எட்டிப் பார்ப்பான். தவில் கொட்டி முடிவதற்குள் என் வேலை முடிந்திருக்கும். இந்தத் தாடிக்காரனுக்கு விசிலடிக்கிறார்கள், அடிக்கட்டும், எனக்கு நாயனமும் தவிலும் வாசித்தார்கள். ஒவ்வொரு தடவையும் வாசித்தார்கள். எந்தத் திருடனுக்கு அந்த மரியாதை கிடைத்தது? பிறகு அதே தாம்பாளத்தோடு வெளியே வருவேன், அங்கேதான் உண்மையான ஆபத்து காத்துக்கொண்டிருக்கும். போலீஸ் இல்லை. "சாப்பிட்டீங்களா?"

அதுதான் என்னை நடுங்க வைத்த கேள்வி. வாசலில் ஒருத்தர், பந்திக்கூடத்தின் முன்னால் ஒருத்தர், கை கழுவும் இடத்தில் ஒருத்தர், எங்கே திரும்பினாலும் "சாப்பிட்டீங்களா, சாப்பிடாமப் போகக் கூடாது" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். ஆரம்பத்தில், முதல் தடவை, நான் சாப்பிட்டேன். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தனையும் வாந்தி. இரண்டு நாள் தண்ணீர்கூடத் தங்கவில்லை. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, என் வயிறு சொன்னது: ஒன்று சாப்பிடு, இல்லையென்றால் எடு, இரண்டும் ஒரே இடத்தில் கூடாது. அதற்கப்புறம் எத்தனை கல்யாணம், ஒன்றில்கூட ஒரு வாய் சோறு நான் தொட்டதில்லை. காபிகூட வாங்கிக் கையில் வைத்திருப்பேன், குடித்ததில்லை. பட்டினியாக நிற்பேன், நெய் உருகுகிற வாசனை வரும், பாயசத்தில் முந்திரி வறுத்துக் கொட்டுகிற வாசனை வரும், வெண்டைக்காய் மோர்க்குழம்பு, சேனை வறுவல், இலையில் முதலில் வைக்கிற அந்தத் துளி இனிப்பு, எல்லாம் மூக்கால்தான் தெரியும் எனக்கு. "இப்பதாங்க ஆச்சு" என்பேன். "இன்னிக்கு விரதங்க" என்பேன். தஞ்சாவூரில் ஒரு மனுஷர் விடவே இல்லை, வீட்டுக்காவது கட்டிக்கொண்டு போங்கள் என்று ஒரு பையைக் கையில் திணித்துவிட்டார். மடியில் அவர் வீட்டுச் சங்கிலி. அந்தப் பையை வழியில் ஒரு சுமைதாங்கிக் கல்மேல் வைக்கச் சொன்னேன், அல்போன்ஸுக்குக் கோபம், லட்டு இருந்ததாம். "நான் உள்ளாறயே வரலயேக்கா, நான் தின்னா என்னா?" என்றான். கூடாது என்றேன். அன்றைக்குத் திருவெறும்பூர் வரைக்கும் அவன் பேசவில்லை.

அந்தப் பழக்கம் பிடித்துப் பிடித்து, மேகலா கல்யாணத்திலேயே என்ன ஆயிற்று. என் மகள் கல்யாணம், என் காசில் நடந்த கல்யாணம், நான் மணமகள் அறை வாசலை விட்டு நகரவில்லை. எனக்குத்தானே தெரியும் கல்யாண வீடு எவ்வளவு திறந்து கிடக்கும் என்று. தெரியாத முகம் எது வந்தாலும் குறுகுறு என்று பார்த்தேன். கிளிப்பச்சைப் பட்டில் ஒருத்தி வந்தாள், கையில் தாம்பாளம், முகத்தில் கொஞ்சம் எரிச்சல். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. என் வித்தையை என்னிடமே காட்டுகிறாளா? சத்தம் போட்டால் கல்யாணம் கெட்டுவிடும். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைத்தேன், நானே இலை போட்டேன், நானே பரிமாறினேன், போதும் போதும் என்றாள், விடவில்லை, தொண்டைவரை சாப்பிட வைத்தேன். சாப்பிட்டவள் இனி எடுக்கமாட்டாள் என்று அவ்வளவு நம்பிக்கை, ஊரில் இருக்கிற எல்லாத் திருடியும் என் சட்டப்படிதான் நடக்கிறாள் என்பது போல. கடைசியில் பார்த்தால் அவள் மாப்பிள்ளையின் சொந்தச் சித்தி. இன்றைக்கும் அந்தம்மா போகிற இடமெல்லாம் சொல்கிறாளாம், சம்பந்தியம்மா மாதிரி உபசரிக்க ஆளே இல்லை என்று. நான் என்னவோ அன்றைக்கும் சாப்பிடவில்லை. காவலை விட்டு எப்படி உட்காருவது? மேகலாவுக்கு அது ஆறவே இல்லை. "என் கல்யாணத்துல நீ ஒரு வாய்கூட சாப்பிடலம்மா" என்று போன தீபாவளிக்குக்கூடச் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை நான் மண்டபங்களில் எடுபிடி வேலைக்குப் போனவள், அலுத்துப்போனவள்.

போகலாம் என்றுதான் தோன்றுகிறது. போய்ப் பார்த்துவிடலாம். திரையில் தாடிக்காரன் பெட்டகத்துக்கு முன்னால் மண்டியிட்டுக் காதை வைத்துக் கேட்கிறான், நெற்றியில் வேர்வை, கை நடுங்குவதை அருகில் காட்டுகிறார்கள். ஐயோ, கை. என் கையை இருட்டில் தூக்கிப் பார்த்தேன். போன மாதம் காபி டம்ளரை விட்டுவிட்டேன், மேகலா துடைத்தாள், மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் பிளாஸ்டிக் டம்ளர். இந்தக் கையை நம்பியா போவது? மாட்டிக்கொண்டால்? இத்தனை வருஷம் ஒருத்தன் கண்ணிலும் படாதவள் கடைசியில் கெட்டிமேளத்தின் நடுவில் ஒட்டியாணத்தோடு நின்றால், நாளைக்கு அது போனில் ஊரெல்லாம் ஓடும், ஸ்ரீதரன் ஆபீசில் ஓடும், மேகலா முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடு. சொல்லலாம். ஆனால் எதற்காக வேண்டாம்? கை வரவில்லை என்று வேண்டாமா? கிழவி, இனி முடியாது, உட்காரு மூலையில் என்று இந்தக் கை சொல்லி நான் கேட்பதா? அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. முடியும், ஆனால் மாட்டேன் என்று சொல்வது வேறு. அது எனக்கு வேண்டும். முடியுமா என்று தெரியாமல் இந்தத் தியேட்டரை விட்டு எழுந்திருக்க மாட்டேன். அப்படி நினைத்தபோதுதான் முன் வரிசைப் பெண்ணின் கழுத்து கண்ணில் பட்டது.

பழைய தியேட்டர், நாற்காலி முதுகெல்லாம் தாழ்வு. ஜடையை முன்னால் போட்டிருக்கிறாள், பிடரியில் சங்கிலி, கொக்கி மேலாக வந்து கிடக்கிறது, திரை வெளுக்கும்போதெல்லாம் மின்னுகிறது. நான் முட்டி வலிக்கிற கிழவிதானே, முன்னால் குனிந்து அவள் நாற்காலி விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டேன், யாருக்கும் தப்பாகத் தெரியாது. தாடிக்காரன் பூட்டைத் திருகுகிறான். சங்கீதம் ஏறுகிறது. மூச்சை அடக்கவில்லை, அடக்கினால் விடும்போது காற்று பிடரியில் படும், மெதுவாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விரல் போய்விட்டது. சில்லென்று இருக்கிறது தங்கம். நடுங்குமா? நடுங்கவில்லை. டம்ளருக்கு நடுங்கிய கை இதற்கு நடுங்கவில்லை, இதற்கென்று தனியாக வைத்திருந்திருக்கிறது தன் தைரியத்தை. கொக்கி விட்டது. இரண்டு முனையும் என் விரல்களில், அவள் சிரிக்கிறாள், பக்கத்தில் புருஷனிடம் எதையோ சொல்கிறாள், தலையை ஆட்டுகிறாள், ஆட்டத்தோடு நானும் போகிறேன். சங்கிலி அவள் மேல் இல்லை, என்னிடம் இருக்கிறது, அவளுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, அல்போன்ஸுக்குக்கூடத் தெரியாது. இழுத்தால் வந்துவிடும். ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தேன், இழு இழு என்றது விரல், பழைய ருசி. இல்லை. கழற்றுவது யாருக்கும் வரும், மாட்டுவதுதான் கஷ்டம். தெரியாமல் கழற்றியதைத் தெரியாமல் மாட்டியவர்கள் யார் இருக்கிறார்கள்? திரையில் பெட்டகம் திறந்துகொண்டது, விசில், கைதட்டல், காகிதத்தைக் கிழித்து வீசுகிறார்கள், அந்தச் சத்தத்தில் வளையத்துக்குள் கொக்கியைச் செருகினேன். ஒரு தடவை வழுக்கியது. உயிரே போய்விட்டது. இரண்டாம் தடவை விழுந்தது. அவள் கையைப் பின்னால் கொண்டுவந்து பிடரியைச் சொறிந்துகொண்டாள். நான் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன், நெஞ்சு தவில் மாதிரி அடிக்கிறது. சம்பூரணம், நீ சம்பூரணம்தாண்டி.

அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று சரியாகப் பார்க்கவில்லை. தாடிக்காரனைச் சிநேகிதனே காட்டிக்கொடுத்தான் போலிருக்கிறது, சுட்டுவிட்டார்கள், ரத்தத்தோடு கடற்கரையில் உட்கார்ந்து சிரித்தபடி செத்துப்போனான். பாவம், பேராசை. கடைசி வரைக்கும் அவன் ஒரு வாய் சோறு சாப்பிட்டதாகக் காட்டவில்லை, சுருட்டும் சாராயமும்தான். எனக்கு அவனைப் பார்த்துத் திடீரென்று இரக்கமாகிவிட்டது. நீயும் பட்டினிதானடா. விளக்கைப் போட்டுவிட்டார்கள். முன் வரிசைப் பெண் சங்கிலியை இழுத்துச் சரிசெய்துகொண்டு புருஷனோடு இறங்கிப் போகிறாள், எனக்கு வழி விட்டு "பாத்து வாங்கம்மா" என்றாள். நல்ல பெண். அல்போன்ஸ் எழுந்திருக்கவில்லை. "என்னக்கா?" என்றான். "போறோம்" என்றேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது அவனுக்கு. "ஆனா சீக்கிரமாப் போயிடணும். மொத பந்தியில ஒக்காரணும். லேட்டாப் போனா வடை ஆறிப் போயிடும், பாயசத்துல முந்திரியும் இருக்காது." அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. "சாப்புடவாக்கா?" என்றான். "சாப்புடத்தான்." "அப்ப ஒட்டியாணம்?" "சாப்புட்ட எடத்துல நான் கை வைக்க மாட்டேன். ஒனக்குத் தெரியாதா?" நடந்ததைச் சொன்னேன், முன் வரிசையைக் காட்டி, கழற்றி மாட்டியதைச் சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு அந்தக் காலி நாற்காலியையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கடைசியில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "அக்கா, நான் ஒரு மண்டபத்துக்குள்ளயும் வந்ததே இல்லக்கா. வெளிய ஒக்காந்து மேளச் சத்தந்தான் கேட்டிருக்கேன்."

இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் மூக்கால் சாப்பிட்டேன் என்றால் இவன் காதால் கல்யாணம் பார்த்திருக்கிறான். "வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு வா" என்றேன். "பன்னீர் தெளிப்பாங்க, தலையைக் காட்டு. பயந்த மாதிரி முழிக்காத. பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா மாப்ள வீடு, மாப்ள வீட்டுக்காரங்க கேட்டா பொண்ணு வீடு. மாத்திச் சொல்லிடாத." சரிக்கா சரிக்கா என்று தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்க எனக்குக் கை கொடுத்தான். வெளியே வெயிலில் கண் கூசியது, போனைத் திறந்ததும் மேகலா. "எங்கம்மா இருக்க? கோயில்ல கூட்டமா?" கூட்டம்தான், நல்ல தரிசனம் என்றேன். நாளை மறுநாள் மதியம் எனக்குச் சமைக்க வேண்டாம், ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன் என்றேன். "யாரு கல்யாணம்? பத்திரிகையே வரலையே, யாரு கூப்புட்டாங்க?" என்னையா? என்னை யார் கூப்பிட வேண்டும்? சிரித்துக்கொண்டேன். "வேண்டப்பட்டவங்கடி." அந்தப் பழைய குறை அவள் குரலில் எட்டிப் பார்த்தது. "அங்கயும் போய் எடுபிடி வேலை பாத்துக்கிட்டு நிக்காத. ஒக்காந்து சாப்புடும்மா." சாப்பிடுகிறேன், முதல் பந்தியிலேயே சாப்பிடுகிறேன் என்று சொன்னேன்.